ஆயிரம் தோட்டாக்களை எண்ணுவது எப்படி?

விழுப்புரத்தில் கல்லூரி மாணவனாக இருந்தபோது நான் தேசிய மாணவர் படையில் சேர்ந்திருந்தேன். துப்பாக்கி சுடும் பயிற்சி நாளன்று ஒவ்வொருவருக்கும் ஐந்து தோட்டாக்களை எண்ணிக் கொடுத்தார்கள். சுட்டு முடிந்ததும் ஐந்து காலி உறைகளை எண்ணி வாங்கினார்கள். மாலையில் கணக்குப் பார்த்தபோது ஓர் உறை குறைந்தது. அவ்வளவுதான், ஒருவரும் வீட்டுக்குப் போகக்கூடாது என்று உத்தரவாயிற்று. மணலைக் கையால் அள்ளி அள்ளிச் சலித்தோம். விளக்கு வைக்கும் நேரத்தில், படுத்துச் சுடுவதற்காக விரித்திருந்த விரிப்பின் மடிப்புக்குள் அது கிடைத்தது. சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே நீளமான ஒரு பித்தளைக் குழாய். ஒரு பொருளை ஒன்றுகூடப் பிசகாமல் எண்ண வேண்டும் என்றால் அதற்கு எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

இது மீண்டும் நினைவுக்கு வந்ததற்குக் காரணம், திண்டிவனத்தைச் சேர்ந்த என் பழைய மாணவர் ஒருவர். இப்போது அவர் அமெரிக்காவில் பணிபுரிகிறார். அங்கே ‘கௌபாய்’ பாணித் துப்பாக்கி சுடும் போட்டிகளில் கலந்துகொள்கிறாராம். “சார், என் தோட்டாக்களை நானே கையால் தயாரிக்கிறேன். ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிட்டன. ஒவ்வொன்றாக எண்ணாமல் தராசில் வைத்து எண்ணிவிடலாமா? எப்படிச் சேமித்து வைப்பது?” என்று எழுதிக் கேட்டிருந்தார். கேள்வி சிறியது, ஆனால் அதற்குள் நல்ல இயற்பியல் இருக்கிறது.

முதலில் அந்தப் போட்டியைப் பற்றிச் சிறிது கூறிவிடுகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் வழங்கிய துப்பாக்கிகளைப் போன்றவற்றை மட்டுமே இதில் பயன்படுத்த வேண்டும். உடையும் அக்காலத்து உடையே. போட்டியாளர்கள் புனைபெயர் வைத்துக்கொள்வதும் உண்டு. இதற்கென 1987-இல் ‘சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டி’ என்ற சங்கம் தோன்றியது. ஒரு சுற்றில் இரண்டு ரிவால்வர்கள், ஒரு ரைபிள், ஒரு ஷாட்கன். ரிவால்வரில் ஆறு அறைகள் இருந்தாலும் ஐந்தில்தான் தோட்டா போடுவார்கள். சுத்தியலுக்கு நேரே உள்ள அறை பாதுகாப்புக்காகக் காலியாக இருக்கும். ஆக ரிவால்வர்களுக்குப் பத்து, ரைபிளுக்குப் பொதுவாகப் பத்து. ஆறு சுற்றுகள் என்றால் இவ்விரண்டுக்கு மட்டும் 120 தோட்டாக்கள். கடையில் வாங்கிக் கட்டுப்படியாகாது என்பதால் பலர் தாங்களே தயாரித்துக்கொள்கிறார்கள்.

(நம் நாட்டில் இது இயலாது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி தோட்டா வைத்திருக்கவும் உரிமம் வேண்டும், செய்யவும் உரிமம் வேண்டும். ஆகவே இக்கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் பித்தளைக் குழாய் தேடிப் புறப்பட வேண்டாம்! வேர்க்கடலையை வைத்தே இதே இயற்பியலைக் கற்கலாம்.)

எடை போட்டு எண்ணுவது நமக்குப் புதிதன்று. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் ‘டி.எம்.வி.’ வேர்க்கடலை ரகங்களை நம் உழவர்கள் நன்கு அறிவார்கள். ஊரின் பெயரே ரகத்தின் பெயராக நிற்கிறது. ஒரு ரகத்தின் இயல்புகளைக் கூறும்போது ‘நூறு விதைகளின் எடை’ என்பதையும் சேர்த்துச் சொல்வது வழக்கம். அது தெரிந்தால் ஒரு மூட்டையில் ஏறத்தாழ எத்தனை விதைகள் என்று வகுத்துச் சொல்லிவிடலாம். ‘ஏறத்தாழ’ என்ற சொல்லைக் கவனியுங்கள். எங்கள் ஆய்வகத்தில் மாணவர்களை இதைச் செய்யச் சொன்னபோது, பத்து விதைகளை மட்டும் நிறுத்துக் கணக்கிட்ட ஒரு குழு ஆயிரத்தில் ஐம்பது குறைவாகவும், இன்னொரு குழு அறுபது கூடுதலாகவும் சொன்னது. விதைப்புக்கு அது போதும். தோட்டாவுக்குப் போதுமா?

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அவர் பயன்படுத்தும் தோட்டா ஒன்றின் எடை சுமார் 13 கிராம். இதில் ஈயக் குண்டு 8 கிராம், பித்தளை உறை நான்கரை கிராம். எஞ்சியது வெடிமருந்தும், அடியில் நெருப்புப் பொறி தரும் ‘பிரைமர்’ என்ற சிறு மூடியும். எல்லாத் தோட்டாக்களும் ஒரே எடையில் இருப்பதில்லை. ஒன்றுக்கொன்று உள்ள வேறுபாடு, அதாவது திட்டவிலக்கம், 0.1 கிராம் என்று வைத்துக்கொள்வோம்.

ஆயிரம் தோட்டாக்களைச் சேர்த்து நிறுத்தால் இந்தச் சிறு வேறுபாடுகள் ஆயிரம் மடங்காகப் பெருகிவிடுமா? இல்லை. சில கனமாகவும் சில இலேசாகவும் இருப்பதால் பெரும்பகுதி ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். மொத்தத்தில் எஞ்சும் பிழை எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே வளரும். ஆயிரத்தின் வர்க்கமூலம் ஏறத்தாழ 32. ஆகவே பிழை 3.2 கிராம். ஒரு தோட்டாவின் எடையில் இது கால் பங்குதான். ‘சரி, தராசே போதும்’ என்று தோன்றும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ‘ஒரு தோட்டா 13 கிராம்’ என்பதை நாம் எப்படி அறிந்தோம்? பத்துத் தோட்டாக்களை நிறுத்துச் சராசரி எடுத்தோம். அந்தச் சராசரியிலேயே 0.03 கிராம் அளவுக்குப் பிழை இருக்கக்கூடும். இப்பிழை ஈடாவதில்லை, எல்லாத் தோட்டாக்களுக்கும் ஒரே திசையில் கூடிக்கொண்டே போகும். ஆயிரம் தோட்டாக்களுக்கு 30 கிராம்! அதாவது இரண்டு தோட்டாக்களுக்கு மேல் கணக்குத் தவறலாம். எண்ணும் வசதியுள்ள மின்னணுத் தராசுகளில் ‘முதலில் பத்து வையுங்கள்’ என்று அது கேட்கும்போது நாம் செய்யும் பிழையும் இதுவே. பத்துக்குப் பதிலாக நூறு வைத்தால்கூட 10 கிராம் பிழை வரும். அதுவும் சந்தேகத்துக்கு இடமானதே.

இதற்கு வழி, ஆயிரத்தை ஒரேயடியாக நிறுக்காமல் ஐம்பது ஐம்பதாகப் பிரித்து நிறுப்பது. ஐம்பதுக்கு அந்தப் பிழை ஒன்றரை கிராம்தான். 13 கிராம் குறைந்தால் பளிச்சென்று தெரிந்துவிடும். பிறகு எண்ண வேண்டியவை இருபது பெட்டிகள் மட்டுமே. நெல்லை மரக்காலால் அளந்த நம் பெரியவர்களும் முதல் மரக்காலுக்கு ‘லாபம்’ என்று தொடங்கி, ஒவ்வொரு மரக்காலாகத்தானே வாய்விட்டு எண்ணினார்கள்?

ஆனால் என்னைக் கேட்டால், தராசைவிடச் சிறந்த கருவி ஐம்பது குழிகள் கொண்ட ஒரு தட்டு. பல்லாங்குழியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு குழி வெறுமையாக இருந்தால் கண்ணுக்கு உடனே தெரிகிறது. தட்டு நிறைந்தால் ஐம்பது. இதில் சராசரியும் இல்லை, திட்டவிலக்கமும் இல்லை. இயற்பியல் ஆசிரியன் தராசுக்கு எதிராகப் பேசுவது வேடிக்கைதான்.

எண்ணிக்கை முடிந்தது. அடுத்து அவர் கேட்டிருக்க வேண்டிய, ஆனால் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. ஒரு தோட்டாவில் மருந்து போட மறந்திருந்தால் அதைத் தராசு காட்டிக்கொடுக்குமா? இது உயிர் சம்பந்தப்பட்டது. மருந்தில்லாத தோட்டாவில் பிரைமரின் வேகம் மட்டும் குண்டைச் சிறிது தூரம் தள்ளிக் குழலுக்குள்ளேயே சிக்கவைத்துவிடும். அது தெரியாமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் வெடிக்கலாம்.

அவர் கடிதத்திலிருந்து, ஒரு தோட்டாவுக்கான மருந்து நான்கு ‘கிரெய்ன்’. 7,000 கிரெய்ன் கொண்டது ஒரு பவுண்டு. ஆகவே நான்கு கிரெய்ன் என்பது 0.26 கிராம். நம் பொற்கொல்லர் கணக்கில் ஏறத்தாழ இரண்டு குன்றிமணி! 13 கிராம் தோட்டாவில் இது ஐம்பதில் ஒரு பங்கு. உறையும் குண்டும் சற்றுக் கனமாக அமைந்துவிட்டால், மருந்தே இல்லாத தோட்டாவும் மருந்துள்ள தோட்டாவின் எடையைக் காட்டும். பல நிறுவனங்களின் பழைய உறைகளைக் கலந்து பயன்படுத்தினால் வேறுபாடு இன்னும் கூடும். எண்ணிக்கைக்கு நன்றாக உதவிய அதே தராசு இங்கே கைவிட்டுவிடுகிறது.

‘மருந்துக் குப்பியைத் தொடக்கத்திலும் முடிவிலும் நிறுத்துப் பார்த்தால் என்ன?’ என்று கூர்மையான மாணவர் ஒருவர் கேட்கலாம். ஐம்பது தோட்டாக்களுக்கு 13 கிராம் மருந்து குறைந்திருக்க வேண்டும். நிறை அழியா விதிப்படி இது நல்ல சோதனையே. ஆயினும் ஓர் உறையில் மருந்து போட மறந்து, அடுத்ததில் இரு மடங்கு போட்டிருந்தால்? மொத்தம் மிகச் சரியாக இருக்கும். பிழை ஒன்றுக்கு இரண்டாக உள்ளே இருக்கும். இரு மடங்கு மருந்தும் குழலை வெடிக்கச் செய்யக்கூடியதே. ஆகவே குண்டைப் பொருத்துவதற்கு முன்பே, ஐம்பது உறைகளையும் குழித்தட்டில் நிறுத்தி, விளக்கொளியில் ஒவ்வோர் உறைக்குள்ளும் எட்டிப்பார்ப்பதுதான் வழி. வரிசையில் ஒன்றின் மருந்து மட்டம் உயர்ந்தோ தாழ்ந்தோ இருந்தால் கண் கண்டுபிடித்துவிடும். மூடிய பிறகு எந்தக் கணக்கும் இதற்கு ஈடாகாது.

இனிச் சேமிப்பு. திண்டிவனத்திற்கு மேற்கே செஞ்சிக் கோட்டை இருக்கிறது. 1750-இல் பிரெஞ்சுக்காரரும் 1761-இல் ஆங்கிலேயரும் கைப்பற்றிய கோட்டை. 2025-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராத்தியர் கோட்டைகளுள் ஒன்றாக இடம்பெற்றது. இராஜகிரியின் மேல் களஞ்சியங்களோடு வெடிமருந்துக் கிடங்கும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் அங்கே கருமருந்தை எப்படிக் காத்தார்கள்?

கிழக்கே மரக்காணத்து உப்பளங்களிலிருந்து விடையைத் தொடங்கலாம். மழைக்காலத்தில் அடுக்களை உப்பு நீர்விடுவதை எல்லோரும் பார்த்திருப்போம். தூய உப்பு, காற்றின் ஒப்பு ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடோ 33 சதவீதத்திலேயே தொடங்கிவிடும். ஒவ்வோர் உப்புக்கும் இப்படி ஓர் எல்லை உண்டு. கருமருந்தில் நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு, 15 கரி, 10 கந்தகம். வெடியுப்பு என்பது பொட்டாசியம் நைட்ரேட். அதன் எல்லை ஏறத்தாழ 92 சதவீதம். மலிவான சோடியம் நைட்ரேட்டின் எல்லை 74 சதவீதம்தான். துப்பாக்கி மருந்துக்குப் பொட்டாசியம் உப்பையே தேடியதன் முக்கியக் காரணம் இதுவே. எனினும் நம் கார்காலத்தில் 92 சதவீதம் அரிதன்று. கரியும் ஈரத்தைப் பிடித்துவைக்கும். ஈரம்பட்டு உலர்ந்த மருந்தில் வெடியுப்பு தனியே வெள்ளையாகப் பூத்து நிற்கும். கலவை குலைந்த அது பழையபடி எரியாது. ஆகவே உயரமான, நீர் தேங்காத இடத்தில் கிடங்கு அமைவது நல்லது.

என் மாணவர் பயன்படுத்துவது புகையில்லா மருந்து. அதன் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். இதற்கு ஈரத்தைவிட வெப்பமே பெரிய பகை. அது தானாகவே மெல்லச் சிதைந்து நைட்ரஜன் ஆக்சைடுகளை வெளியிடும். அவை சிதைவை மேலும் விரைவாக்கும். அவற்றைப் பிடித்துக்கொள்ள டைபினைல்அமீன் போன்ற பொருளைச் சேர்க்கிறார்கள். 10 பாகை வெப்பம் கூடினால் சிதைவு ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பொது விதி. 30 பாகையில் இருக்க வேண்டியது தகரக் கூரையின்கீழ் 50 பாகையில் இருந்தால் நான்கு மடங்கு. கார்டைட் என்ற புகையில்லா மருந்தைச் செய்ய 1903-இல் நிறுவப்பட்ட தொழிற்சாலை நீலகிரியின் குளிர்ந்த அருவங்காட்டில் இருப்பதை இங்கே நினைவுகூரலாம்.

தகர டப்பாவில் வைத்தால் ஈரம் வராது என்று எண்ணுவதும் தவறு. பகலில் 45 பாகை, இரவில் 25 பாகை என்றால் உள்ளிருக்கும் காற்று பதினாறில் ஒரு பங்கு சுருங்கும். மூடி இறுக்கமில்லாவிட்டால் ஒவ்வோர் இரவும் அந்த அளவு ஈரக் காற்றை டப்பா உள்ளே இழுத்துக்கொள்ளும். அதற்காகக் குண்டாக மருந்தைக் கனமான இரும்புப் பெட்டியில் காற்றுப்புகாமல் பூட்டிவிடவும் கூடாது. தீப்பிடித்தால் திறந்த மருந்து எரியும். இறுக அடைத்த மருந்து வெடிக்கும். மருந்து வாங்கிய குப்பியிலேயே இருக்கட்டும். பிரைமர்கள் வேறிடத்தில் இருக்கட்டும். இரப்பர் விளிம்புள்ள பெட்டியும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் முடித்த தோட்டாக்களுக்கு மட்டும்.

ஒவ்வோர் ஐம்பதுக்கும் ஒரு சீட்டு ஒட்டச் சொல்லி அவருக்கு எழுதினேன்: செய்த நாள், மருந்தின் பெயர், அளவு, குண்டின் எடை, எண்ணிக்கை. ஒரு தோட்டா பழுதென்று தெரிந்தால் அந்த ஐம்பதை மட்டும் பிரித்துப் பார்த்தால் போதும். சீட்டு இல்லையென்றால் ஆயிரத்தையும் பிரிக்க வேண்டும். பதில் வந்தது. ஏற்கெனவே செய்தவை இரண்டு வாளிகளில் கலந்து கிடக்கின்றனவாம்.