வீட்டுக்குள் முயல்: மூலை பழக்குவது எப்படி?

வீட்டில் முயல் வளர்க்கும் சகோதரிகளுக்குப் பெரிய தலையிடி அதன் தீனுமல்ல, நோயுமல்ல, மூத்திரம்தான். புழுக்கையென்றால் காய்ந்த பிறகு தும்புத்தடியால் கூட்டி அள்ளிவிடலாம். மூத்திரம் பன்பாயில் ஊறிவிட்டால் மூன்று நாள் வெயிலில் போட்டாலும் வாடை போகாது. எங்கள் சாய்ந்தமருது போன்ற ஊர்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. நாங்கள் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில், உண்ண ஆகுமான பிராணியாக இருந்தாலும் அதன் மூத்திரமும் புழுக்கையும் நஜீஸ்தான். தொழும் இடத்தில் பட்டால் கழுவியே ஆக வேண்டும். "இதை யாருக்காவது கொடுத்துப் போடு" என்று எங்கள் உம்மா சொல்லாத நாளில்லை என்ற காலமும் இருந்தது.

வளவில் கூடு கட்டி வைக்கலாமே என்று கேட்பீர்கள். கடற்கரைப் பக்கம் வீடுகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன. பலருக்கு வளவே இல்லை. தகரக் கூரைக்குக் கீழே வைத்தாலோ முயல் தாங்காது. அதற்கு நம்மைப்போல் வியர்ப்பதில்லை. பெரும்பாலும் காது வழியாகவே உடம்புச் சூட்டை வெளியேற்றுகிறது. வெப்பம் 30 பாகையைத் தாண்டினாலே இளைக்கத் தொடங்கிவிடும். போதாததற்கு நாயும் கீரியும் இருக்கின்றன. அதனால் வீட்டுக்குள் வைப்பதே நல்லது என்பது எனது கருத்து. அப்படி வைப்பதென்றால் மூலை பழக்கத்தான் வேண்டும்.

இதில் முயலின் இயல்பே நமக்குப் பாதி வேலையைச் செய்து தருகிறது. முயல் கண்ட இடமெல்லாம் மூத்திரம் பெய்கிற பிராணியல்ல. ஒரு மூலையைத் தானாகவே தெரிந்தெடுத்து, திரும்பத் திரும்ப அங்கேயே போகும். நாம் விரும்பும் மூலைக்கு அதை இழுப்பதைவிட, அது விரும்பும் மூலையில் நாம் தட்டை வைப்பதே சுலபம். முதல் இரண்டு கிழமை முழு வீட்டையும் அதற்குத் திறந்துவிடாமல், விறாந்தையில் ஒரு பாயளவு இடத்தைப் பலகையாலோ பெட்டியாலோ மறித்து அதற்குள் விடுங்கள். எந்த மூலை நனைகிறதென்று பாருங்கள். அங்கே விளிம்பு தாழ்ந்த பிளாஸ்டிக் பேசின் ஒன்றை வையுங்கள். அடியில் பழைய பத்திரிகைத்தாள், அதன்மேல் வைக்கோல். மூத்திரம் பட்ட தாளில் ஒரு துண்டையும் நாலைந்து புழுக்கையையும் பேசினுக்குள் விட்டுவையுங்கள். அந்த மணம்தான் வழிகாட்டி. முயல் தின்றுகொண்டே புழுக்கை போடும் பழக்கமுள்ளது. ஆகவே நிழலில் உலர்த்திய கினிப்புல்லைப் பேசினின் ஒரு பக்கத்தில் வைத்தால் அது தானாகவே ஏறி உட்காரும்.

பூனைக்கென்று விற்கும், நனைந்தால் கட்டியாகிற மண்ணை வாங்காதீர்கள். முயல் அதைக் கொறித்து விழுங்கினால் குடல் அடைபடும். பிசின் மணம் வீசும் மரச்சீவலும் ஆகாது. பேசினை நாளாந்தம் மாற்ற வேண்டும். நனைந்த வைக்கோலில் எழும் அமோனியா வாடை முயலின் மூச்சுக்குழாயைக் கெடுக்கும், பின்பக்கம் அழுக்கானால் ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிடும். பேசினில் படியும் வெள்ளைப் படலம் சவர்க்காரத்துக்குப் போகாது; வினாகிரி ஊற்றிச் சற்று ஊறவிட்டால் கழன்றுவிடும்.

மூத்திரம் சிவப்பாகவோ செம்மஞ்சளாகவோ இருப்பதைக் கண்டு பயப்படுகிறவர்கள் அநேகம். தின்ற இலையின் சாயமும் அப்படி இறங்குவதுண்டு. பால் கலந்ததுபோல் வெண்மையாக இருந்தால் உடம்புக்கு மிஞ்சிய கல்சியம் வெளியேறுகிறதென்று அர்த்தம். ஆனால் முயல் முக்கிக்கொண்டு, சொட்டுச் சொட்டாகப் பெய்து, தீனையும் விட்டுவிட்டால் உடனே கால்நடை வைத்தியரிடம் கொண்டு போங்கள். அது பழக்கக் குறைவல்ல, நோய். இரவில் குந்தியிருந்து தன் பின்புறத்திலிருந்தே மெதுவான புழுக்கையை எடுத்துத் தின்பதைக் கண்டு அருவருப்படைய வேண்டாம். அதன் சமிபாடே அப்படித்தான். அந்தச் சத்து அதற்குத் தேவை. அந்த மெதுவான புழுக்கை நிலத்தில் ஒட்டிக் கிடந்தால் மட்டும், பாண், பிஸ்கட் கொடுப்பதை நிறுத்திப் புல்லைக் கூட்டுங்கள்.

குட்டியில் ஒழுங்காக இருந்த முயல் நாலு முதல் ஆறு மாதத்தில் திடீரென்று சுவரெல்லாம் பீச்சியடிக்கும். வயதுக்கு வந்துவிட்டது, இது என் இடம் என்று அடையாளம் வைக்கிறது. பெண் முயலும் செய்யும். கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்தால் பெரும்பாலும் அடங்கும், ஆனால் முயலுக்குச் செய்து பழகிய வைத்தியரா என்று முதலில் கேளுங்கள். ஆணையும் பெண்ணையும் ஒன்றாக விட்டால் 31 நாளில் குட்டிகள்தான்!

இவை எல்லாம் சரியாக இருந்தும் ஒரு முயல் பழக்கத்தை மறந்துபோகலாம். பயம் வந்தால் அப்படி நடக்கும். 2019 ஏப்ரல் 26ஆம் திகதி இரவு எங்கள் ஊரில் கேட்ட வெடிச்சத்தத்தையும் துப்பாக்கிச் சத்தத்தையும் நீங்கள் அறிவீர்கள். அன்றிரவு எங்கள் 'பஞ்சு' பின்னங்காலால் நிலத்தை அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு ஊரடங்கு, தேடுதல், உறவுக்காரர் வீட்டில் சில நாட்கள். முயலைக் காட்போட் பெட்டியில் வைத்துத்தான் கொண்டுபோனோம். திரும்பி வந்தபோது அதற்குப் பேசின் என்ற ஒன்று இருந்ததே ஞாபகமில்லை. எனது இளைய மகளுக்கு அப்போது ஆறு வயது. நாலு வயதிலேயே பாயில் நனைப்பதை விட்ட பிள்ளை, அவளும் ஒவ்வொரு இரவும் நனைத்தாள்.

"ரெண்டுக்கும் ரெண்டு போடு, சரியாகிடும்" என்றார்கள் வந்தவர்கள். உம்மா அப்போதுதான் வாய் திறந்தார். பிரச்சினைக் காலத்தில் என் காக்காவும் பத்து வயது வரை நனைத்தாராம். வாப்பா அடித்த நாட்களில்தான் அதிகமாம். அந்தக் கதையை நான் அன்றுவரை கேட்டதில்லை. அதற்குப் பிறகு முயலைக் கொடுத்துப் போடு என்ற பேச்சை உம்மா எடுக்கவேயில்லை.

முயலை அடித்தால் அது அடியையும் மூத்திரத்தையும் சேர்த்து யோசிக்காது. நம் கையை மட்டும் பயப்படும். ஆகவே முதலிலிருந்து தொடங்கினோம். மறுபடியும் பாயளவு இடம், அதே பேசின், ஒரே நேரத்தில் தீன், பக்கத்தில் ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி. பேசினுக்குள் போன நேரங்களில் ஒரு கிள்ளு கங்குன் இலை கொடுப்பது மகளின் வேலை. காலையில் தன் விரிப்பைத் தானே கொண்டுபோய்க் கொடியில் போட்டுவிட்டு, முயலின் தாளை மாற்றுவாள். யாரும் ஒன்றும் சொல்வதில்லை. முயல் மூன்று கிழமையில் திருந்தியது. பிள்ளைக்கு அந்த வருடம் முழுவதும் எடுத்தது. உங்கள் வீட்டிலும் பயந்த பிள்ளை இப்படி நனைத்தால், சிறுநீரில் கிருமித்தொற்று உண்டா என்று ஒருமுறை ஆஸ்பத்திரியில் காட்டிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. பேசினில் சேரும் புழுக்கையை எறிந்துவிடாதீர்கள். கோழியெருவைப் போல் மக்கவைக்கத் தேவையில்லை. அப்படியே மிளகாய், கத்தரிச் சாடிகளுக்குப் போடலாம். மூத்திரத்தில் நனைந்த வைக்கோலை மட்டும் குவித்து மக்கவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் இளஞ்செடி கருகும்.