ரெபேக்கா பேர்லண்ட்: ஒரு குடியேற்றப் பெண்ணின் வரலாறு

இங்கிலாந்தின் யோர்க்ஷயரில் குத்தகைச் சுமையால் நலிந்த ரெபேக்கா பேர்லண்ட், 1831இல் கணவருடனும் பிள்ளைகள் ஐவருடனும் அமெரிக்கா சென்றார். லிவர்பூலிலிருந்து நியூ ஓர்லியன்ஸ் சேர்ந்து, மிசிசிப்பி ஆற்றுவழியே இலினோய் மாநிலத்தை அடைந்த அக்குடும்பம் அங்கு 80 ஏக்கர் நிலத்தைத் தனதாக்கிற்று. கணவர் காயமுற்றபோது கோதுமையை அறுத்துக் காத்தவர் ரெபேக்காவே. அவரது அனுபவங்கள் 1848இல் இலண்டனில் நூலாயின. எனினும் அதனை எழுதியவர் இங்கிலாந்திலேயே தங்கிவிட்ட மகன் எட்வேட். நூலின் முகப்பில் தாயின் பெயர் இடம்பெறவில்லை. ஆகவே, உழைத்தவளின் குரலை மகனின் மொழியிலேயே கேட்கிறோம்.

குத்தகையாளர் உடைமையாளராயினர் என்பது உண்மையே. ஆயின் அவ்வுடைமை, பழங்குடி மக்களிடமிருந்து அரசு பறித்த நிலத்தின்மீது எழுந்ததாகும். பெண்ணின் உழைப்பையும் இந்நிலப்பறிப்பையும் ஒருங்கே நோக்காது, இவ்வாழ்வைத் தனிமனித முயற்சியின் வெற்றியாக மட்டும் காண்பது வரலாறாகாது.