வயிற்றில் ஒரு சஸ்பென்ஸ் அக்கவுன்ட்!

பி.காம். படிக்கும்போது எங்கள் அக்கவுன்டன்ஸி வாத்தியார் ஒரு வித்தை சொல்லிக் கொடுத்தார். டிரயல் பேலன்ஸ் டேலி ஆகவில்லையா? வித்தியாசத்தைத் தூக்கி 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்'டில் போடு, தப்பைப் பிறகு தேடிக்கொள்ளலாம். அப்படி ஒரு கணக்கு என் வயிற்றிலேயே திறக்கப்படும் என்று அன்றைக்கு யார் கண்டார்கள்!

ஆபீஸ் கேன்டீனில் சப்பாத்தி குருமா சாப்பிட்டால், மூன்று மணிக்கு வயிற்றில் தவில் கச்சேரி. மேனேஜர் மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து ஓடுவேன். (அவர் பேச்சைத் தாங்க முடியாமல்தான் ஓடுகிறேன் என்று சக ஊழியர்கள் பாராட்டினார்கள். நான் மறுக்கவில்லை.) ஹீமோகுளோபின் ஒன்பது. இரும்புச்சத்து மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கியும் ஏறுவேனா என்றது.

''சீலியாக்கா இருக்கலாம்'' என்றார் டாக்டர். கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடம்பின் காவல்படையே எதிரி என்று நினைத்துச் சிறுகுடலின் உள்சுவரைத் தாக்கும் நோய். சத்தை உறிஞ்சும் சின்னச் சின்ன விரல்கள் மழுங்கிவிடும். பிறகு இரும்பு எப்படி ஏறும்?

ரத்தப் பரிசோதனையில் 'பார்டர்லைன்'. எண்டோஸ்கோபியில் குடலிலிருந்து இரண்டே துணுக்கு எடுத்தார்கள். ரிப்போர்ட்டின் கடைசி வரி, பிரச்னையில் மாட்ட விரும்பாத ஆடிட்டர் எழுதியது மாதிரி இருந்தது: நோயாளியின் நிலையோடு ஒப்பிட்டு முடிவு செய்யவும்!

''இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நம்ம பக்கம் இது அபூர்வம். ஆறு மாசம் கழிச்சு வாங்க'' என்றார் டாக்டர்.

அபூர்வம் என்பது உண்மைதான். 23,000-க்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்து 2016-ல் வெளியான இந்திய ஆய்வில், இந்த நோயின் எதிர்ப்புப் புரதம் ரத்தத்தில் இருந்தவர்கள் வடக்கே நூற்றுக்கு 1.23, தெற்கே 0.10. ஆனால், அதற்கு இடம் கொடுக்கும் ஜீன்கள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுதான். வித்தியாசம் தட்டில். வடக்கே தினசரி கோதுமை 455 கிராம், தெற்கே 25. ராத்திரி பரோட்டா, காலையில் ரவா உப்புமா என்று வாழ்ந்த நான் எந்த ஊர்க்காரன் என்று எனக்கே சந்தேகம்.

ஆறு மாசம் கழித்துப் போனேனா? இல்லை. ''கோதுமையை நிறுத்திப் பாருங்களேன் மாப்ளே'' என்று மச்சான் சொன்னார். நிறுத்தினேன். ஒரே மாசத்தில் தவில் நின்றது. எதற்கு டாக்டர், எதற்கு ஃபீஸ் என்று ஒன்றரை வருஷம் ஓட்டினேன். ஒருநாள் மனைவி பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தாள். கோதுமை மாவு! அதாவது சாம்பாரிலும் ரசத்திலும் தினம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

அன்றைக்கு ராத்திரி அவள் கேட்டாள்: ''இது பரம்பரையா வருமாமே. பாப்பா வேற இப்படி ஒல்லியா இருக்கா. அவளுக்கும் பார்க்கணுமாங்க?''

பதில் இல்லை. எனக்கே இருக்கிறதா என்று தெரியாதே!

இந்த முறை குடல்நோய் நிபுணரிடம் போனேன். வயதான அம்மா. முதல் கேள்வியே, ''கோதுமை சாப்பிட்டுக்கிட்டு இருக்கீங்களா?''

''இல்லை மேடம், சுத்தமா நிறுத்திட்டேன்'' என்றேன் பெருமையாக.

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கோதுமையை நிறுத்தினால் ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் இறங்கும், குடலும் ஆற ஆரம்பிக்கும். அப்புறம் டெஸ்ட் எடுத்தால் நோய் உள்ளவனுக்கும் 'இல்லை' என்று வரும். திருடனைப் பிடிக்கக் கிளம்புகிறவன் முதலில் கைரேகையைத் துடைத்த கதை. பழைய பயாப்ஸி ஸ்லைடைக் கேட்டு வாங்கி வரச் சொன்னார். லேபில் அதைப் பத்திரமாக வைத்திருப்பார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். மறுபடி பார்த்தும், இரண்டு துணுக்கை வைத்து எதுவும் சொல்ல முடியவில்லை. ஜீன் டெஸ்ட் எடுத்தார்கள். அதில் 'இல்லை' என்று வந்திருந்தால் அநேகமாகக் கேஸ் முடிந்திருக்கும். எனக்கு 'உண்டு'. அதனால் நோய் உறுதி என்று ஆகாது. நூற்றுக்கு முப்பது, நாற்பது பேருக்கு இருக்கிற ஜீன்தானே!

''அப்ப என்ன மேடம் வழி?''

''தினம் ரெண்டு ஸ்லைஸ் பிரெட். ஆறு வாரம். தாங்க முடியலைன்னா போன் பண்ணுங்க, முன்னாடியே எடுத்துடலாம். நீங்களா நிறுத்தாதீங்க.''

ஒன்பதாம் நாளே தவில் கோஷ்டி திரும்பி வந்தது, கூடவே நாதஸ்வரமும். லீவெல்லாம் தீர்ந்தது. சம்பளம் பிடித்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு ஆறு வாரத்தையும் ஓட்டினேன். எண்டோஸ்கோபியில் இந்தத் தடவை ஆறு துணுக்கு. ரத்தம், குடல் இரண்டும் ஒரே பதில் சொல்லின: சீலியாக்தான்.

எனக்கு அழுகை வரவில்லை, அப்பாடா என்றிருந்தது. மேடம் ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தார். இரும்பு, பி12, வைட்டமின் டி, தைராய்டு, எலும்பின் உறுதி எல்லாம் இப்போது ஒரு முறை. ஆறாவது மாசமும் வருஷக் கடைசியிலும் அதே ரத்தப் பரிசோதனை. ''உடம்பு நல்லா இருக்குன்னு வராம இருந்துடாதீங்க. ஏற்கெனவே ஒருதரம் அதைத்தான் பண்ணீங்க!''

பெற்றோர், பிள்ளை, கூடப் பிறந்தவர்களுக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டாம். பாப்பாவுக்கு ரத்தம் எடுத்தோம். ஊசியைப் பார்த்து நான்தான் கண்ணை மூடிக்கொண்டேன். இல்லை என்று வந்தது. இப்போதைக்கு இல்லை, சில வருஷம் கழித்தோ தொந்தரவு தெரிந்தாலோ திரும்பப் பார்க்க வேண்டும்.

வீட்டில் இப்போது பெருங்காய டப்பா இரண்டு. அரிசி மாவில் செய்ததன் மேல் பாப்பா ஒரு சீட்டு ஒட்டி, ஸ்கெட்ச் பேனாவில் 'அப்பா' என்று எழுதியிருக்கிறாள். புள்ளி வைக்க மறந்துவிட்டதால் நான் 'அபபா'.