மழைக்குப் பின் மருந்து எங்கே போகிறது?

கேமரன் மலையில் காலையில் வெயிலடித்து, பிற்பகலில் மழை கொட்டுவது வழக்கம். காலையில் முட்டைக்கோசுக்குப் பூச்சி மருந்து அடித்த விவசாயி, மழையைக் கண்டதும் மருந்தெல்லாம் வீணாகிவிட்டது என்று மறுநாளே மீண்டும் அடிக்க நினைப்பார். ஆனால் மழை மருந்தை அழித்துவிடுவதில்லை. பெரும்பாலும் இடம்தான் மாற்றுகிறது.

இலையில் நடப்பது என்ன?

சில மருந்துகள் இலையின் மேலேயே தங்கிச் செயல்படும். அவை காய்வதற்குள் மழை வந்தால் எளிதில் கழுவப்பட்டுவிடும். வேறு சில, செடிக்குள் ஊடுருவிச் செயல்படும். உள்ளே சென்ற பிறகு பெய்யும் மழையால் அவற்றுக்குப் பாதிப்புக் குறைவு. எத்தனை மணி நேரம் மழை இருக்கக்கூடாது என்பது மருந்துக்கு மருந்து வேறுபடும்.

மண்ணுக்குப் போனால்?

இங்கு இரண்டு வழிகள் உள்ளன. இமிடாக்ளோபிரிட் போன்று நீரில் கரையும் மருந்து, மழைநீரோடு மண்ணுக்குள் இறங்கும் அல்லது வழிந்தோடும். சைபர்மெத்ரின் போன்றது மண் துகளைப் பற்றிக்கொள்ளும். ஆனால் சரிவான நிலத்தில் மண்ணே அரிக்கப்படும்போது மருந்தும் கூடவே செல்லும். சைபர்மெத்ரின் மீன்களுக்குக் கடும் நஞ்சு.

மருந்தடித்த பின் வரும் முதல் கனமழையே பொதுவாக அதிக மருந்தை அடித்துச் செல்கிறது. மலைத் தோட்டங்களின் மண் பெர்த்தாம் ஆற்றின் வழி ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் சேர்ந்து, அதைத் தூர்த்து வருவது பலரும் அறிந்ததே. வண்டலோடு மருந்தும் அங்கு சேரக்கூடும்.

மழை எப்போதும் எதிரியல்ல. களை முளைக்குமுன் மண்ணில் இடும் களைக்கொல்லிக்கு மிதமான மழை தேவை; அதுவே மருந்தை மேல்மண்ணுக்குள் இறக்குகிறது. ஈரமான, வெதுவெதுப்பான மண்ணில் நுண்ணுயிர்களும் பல மருந்துகளை விரைவாகச் சிதைக்கின்றன.

கூரை போட்டால் போதுமா?

பிளாஸ்டிக் கூரை மழையிலிருந்து மருந்தைக் காக்கும். ஆனால் மழையும் நேரடி வெயிலும் குறைவதால் எச்சம் இலையில் நீண்ட நாள் தங்கலாம். கூரையிலிருந்து ஓரிடத்தில் கொட்டும் நீர் மண்ணை அரிக்கும்; அதற்கு வடிகால் அவசியம்.

விவசாயிகள் வானிலை அறிவிப்பைப் பார்த்து, மழை வராத நேரத்தில் மருந்தடிக்க வேண்டும். மழைக்குப் பின், பூச்சி இன்னும் இருக்கிறதா என்று பார்க்காமல் மறுபடி அடிக்கக்கூடாது. அடித்த பிறகு அறுவடைக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று குறிப்புச்சீட்டில் உள்ளதை மீறக்கூடாது. பாத்திகளுக்கு நடுவே புல் வரிசை விட்டால் மண் தங்கும்.

இல்லத்தரசிகள் காய்கறிகளை ஓடும் நீரில் கழுவினால் மேற்பரப்பில் உள்ள எச்சம் குறையும். செடிக்குள் ஊடுருவியதைக் கழுவ முடியாது. ஆகவே தேவையின்றி அடிக்கப்படும் அந்த இரண்டாவது மருந்தைத் தோட்டத்திலேயே தவிர்ப்பதுதான், கேமரன் மலைக் காய்கறிகளை உண்ணும் மலேசியர், சிங்கப்பூரர் அனைவருக்கும் நல்லது.