தறி வீட்டுக்குப் பூனைக்குட்டி வருதா? முதலில் வீட்டைத் தயார் பண்ணுங்க!



கூரம் பக்கத்தில் தறி இருக்கிற வீட்டில் எலி புகுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரே ராத்திரியில் பாவைக் கடித்து வைத்துவிடும். பல வீடுகளில் அந்தப் பட்டு நூல் நம்முடையதுகூட இல்லை. சங்கமோ முதலாளியோ நெய்யக் கொடுத்தது. நஷ்டத்துக்கு நாமதான் பதில் சொல்லணும். அதனால்தான் "ஒரு பூனைக்குட்டி வளர்க்கலாம்" என்று நினைக்கிறோம். நல்ல யோசனைதான். ஆனால் நூலைக் காக்க வருகிற குட்டிக்கு அந்த நூலே எமனாகிவிடும். எப்படி என்று பார்ப்போமா?

நூல் ஏன் ஆபத்து?

பூனையின் நாக்கைத் தொட்டுப் பாருங்க, சொரசொரவென்று இருக்கும். அதில் உள்ள சிறு முட்கள் தொண்டைப் பக்கம் வளைந்திருக்கும். விளையாட்டாக நூலைக் கவ்வினால் துப்ப முடியாது, விழுங்கத்தான் முடியும். உள்ளே போன நூல் குடலைச் சுருக்கி அறுத்துவிடும். எனவே தார், கழிவு நூல், சரிகைத் துண்டு எல்லாவற்றையும் மூடி போட்ட டப்பாவில் வையுங்க. குட்டியின் வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்கவே கூடாது. உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்க.

வீட்டில் செய்ய வேண்டியவை

* தறிக்குழி குட்டிக்குப் பிடித்த இடம், அங்கே போய்ப் படுத்துக்கும். மிதியில் கால் வைக்கும் முன் குனிந்து பாருங்க. ஆள் இல்லாத நேரம் தறி அறையை மூடி வையுங்க.

* எலிமருந்தும் பூனையும் ஒரே வீட்டில் கூடாது. மருந்து தின்ற எலியைத் தின்றால் பூனையும் சாகலாம். எலிப்பொறி வையுங்க, வளைகளை அடையுங்க.

* ஒரு அட்டைப்பெட்டியில் பழைய புடவையை மடித்துப் போட்டு, சந்தடி இல்லாத மூலையில் வையுங்க. முதல் சில நாள் குட்டி பயந்து ஒளியும். பிடித்து இழுக்காதீங்க, தானாக வரும்.

* பழைய பேசினில் மணல் போட்டு, சாப்பாட்டு இடத்துக்குத் தள்ளி வையுங்க. கழிவைத் தினமும் அள்ளணும். பூனைக் கழிவிலிருந்து வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கும் கிருமி பரவலாம் என்பதால், கர்ப்பிணிகள் இந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

சாப்பாடு

தாயிடமிருந்து 8 வாரத்துக்கு முன் குட்டியைப் பிரிக்காதீங்க. பசும்பால் பல குட்டிகளுக்கு ஒத்துக்காது, பேதியாகும். தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். வெறும் சோறு மட்டும் போட்டு வளர்த்தால் நாளடைவில் கண்ணும் இதயமும் கெடும். முள் எடுத்த மீன், கோழி, முட்டை இவற்றை உப்பு, காரம், வெங்காயம், பூண்டு இல்லாமல் வேகவைத்துக் கொடுங்க. காய்ச்சல் என்று நம்ம பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுத்துவிடாதீங்க, அது பூனைக்கு விஷம்.

"சோறு போட்டா எலி பிடிக்காது" என்று பெரியவங்க சொல்லுவாங்க. அது சரியில்லை. வேட்டையாடுவது பூனையின் குணம், வயிறு நிறைந்த பூனையும் எலி பிடிக்கும். பட்டினி போட்டால் அடுத்த வீட்டு மீன் சட்டிக்குத்தான் போகும், சண்டைதான் மிச்சம்!

ஊசி போடணுமா?

கட்டாயம் போடணும். வெறிநோய் நாய்க்கு மட்டும் வருவதில்லை, பூனைக்கும் வரும். குட்டிக்கு 3 மாதம் ஆனதும் கால்நடை மருத்துவமனையில் வெறிநோய்த் தடுப்பூசி போடுங்க. அடுத்த ஊசி எப்போது, புழு மருந்து எவ்வளவு என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்க. பெட்டைக் குட்டி 5 மாதத்திலேயே சினையாகலாம். கருத்தடை பற்றியும் விசாரித்து வையுங்க.

பூனை கடித்தாலோ, பிராண்டி ரத்தம் வந்தாலோ, சோப்பு போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்க. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்காதீங்க. அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்க, ஊசி இலவசம். சொன்ன தேதிகளில் எல்லா ஊசியும் போட்டுக்கணும். வெறிநோய் அறிகுறி வந்துவிட்டால் பெரும்பாலும் காப்பாற்ற முடியாது. "சின்னக் குட்டிதானே" என்று குழந்தைகள் சொல்லாமல் மறைப்பாங்க. திட்ட மாட்டோம், கடித்தால் சொல்லணும் என்று முன்பே சொல்லி வையுங்க.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டி, பூனை வளர்க்கும் உறுப்பினர்கள் எத்தனை பேர் ஊசி போட்டிருக்காங்க என்று கேளுங்க. போடாதவங்க எல்லாரும் ஒரே நாளில் சேர்ந்து போய்ப் போட்டு வரலாமே!