உயரத்தில் மரம் வெட்டுவோரும் வீழ்ச்சிப் பாதுகாப்பும்

வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் மரங்கள் முறிந்து மின்கம்பிகளின் மேல் விழுவது நமது மாவட்டத்துக்குப் புதியதல்ல. 2025 நவம்பர் இறுதியில் இலங்கையைத் தாக்கிய டித்வா சூறாவளியின்போது நாட்டின் பல பகுதிகளில் மின் இணைப்புகள் அறுந்தன. இவ்வாறான வேளைகளில் கூடை பொருத்திய பாரந்தூக்கி வாகனத்தில் ஏறித் தொழிலாளர் கிளைகளை வெட்டுகின்றனர். கூடைக்குள் நிற்பவருக்கு ஆபத்து இல்லை என்றே பலரும் எண்ணுகின்றனர். அது சரிதானா என நோக்குவோம்.

1. வீழ்ச்சியின் வேகம்

10 மீற்றர் உயரத்திலிருந்து விழும் ஒருவர் ஏறக்குறைய 1.4 செக்கனில் நிலத்தை அடைவார். அப்போது அவரது வேகம் செக்கனுக்கு 14 மீற்றர், அதாவது மணிக்கு சுமார் 50 கிலோமீற்றர் ஆகும். இடையில் ஒரு கிளையைப் பிடித்துத் தப்பலாம் என்பது வெறும் நம்பிக்கையே.

2. கூடையிலிருந்து விழுவதற்கான காரணங்கள்

அ. வெட்டிய கிளை வாகனத்தின் நீண்ட உலோகக் கையில் மோதினால் கூடை திடீரென அமிழ்ந்து மேலே துள்ளும். மேல்நோக்கி வீசப்பட்ட உடல், கூடை நின்ற பின்னரும் சடத்துவத்தால் தொடர்ந்து இயங்கி வெளியே எறியப்படலாம்.

ஆ. எட்டாத கிளையை வெட்டுவதற்காகக் கூடையின் விளிம்பில் ஏறுதல். கால்கள் எப்போதும் கூடையின் தளத்திலேயே இருத்தல் வேண்டும்.

இ. வாகனம் கவிழ்தல். வயலோர வீதிகளின் ஈர மண்ணில் வாகனத்தின் தாங்குகால்கள் புதையலாம். இவ்விபத்தைப் பட்டி தடுக்காது. உறுதியான நிலமும் தாங்குகால்களின் கீழ் அகன்ற பலகைகளும் அவசியம்.

3. பட்டியை எங்கே இணைப்பது?

கூடையில் அல்லது உலோகக் கையில் அதற்கென அமைந்த கொளுவியிலேயே இணைக்க வேண்டும். மரத்திலோ மின்கம்பத்திலோ இணைத்தல் தவறு. கூடை நகர்ந்தால் தொழிலாளி வெளியே இழுக்கப்படுவார். இணைப்பு வார் குட்டையாக இருந்தால் அவர் கூடையை விட்டு வெளியேறவே முடியாது. விழுந்தபின் தாங்குவதிலும் விழாமல் தடுப்பதே மேலானது.

4. இடுப்புப் பட்டி போதுமா?

போதாது. 60 கிலோகிராம் திணிவுடைய ஒருவர் 1.8 மீற்றர் விழுந்தபின் வார் அவரைத் தாங்குகிறது எனக் கொள்வோம். (புவியீர்ப்பு ஆர்முடுகல் 10 எனக் கொள்க.)

• 0.1 மீற்றருக்குள் நிறுத்தினால் சராசரி விசை:
600 × 1.9 ÷ 0.1 = 11,400 நியூற்றன்
• விரிந்து கொடுக்கும் அதிர்வு தாங்கி 1 மீற்றரில் நிறுத்தினால்:
600 × 2.8 ÷ 1 = 1,680 நியூற்றன்

நிறுத்தும் தூரம் கூடும்போது விசை குறைகிறது. முழு உடற்பட்டி அவ்விசையைத் தொடை, இடுப்பு, மார்பு, தோள் எனப் பகிர்கிறது. இடுப்புப் பட்டியோ முழு விசையையும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் செலுத்துகிறது. இதனால் அமெரிக்காவில் வீழ்ச்சியைத் தாங்க இடுப்புப் பட்டியைப் பயன்படுத்துவது 1998 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது.

5. வாகனம் செல்லாத இடங்களில்

நமது ஊர்களில் தென்னை, பனை ஏறுவோர் பலர் தளைநாரை மட்டுமே நம்பியுள்ளனர். தளைநார் ஏறுவதற்கான பிடி மட்டுமே. கை நழுவினால் அது உடலைத் தாங்காது. உடலை மரத்துடன் பிணைக்கும் தனியான கயிறும் பட்டியும் அவர்களுக்கும் தேவை.

நினைவில் கொள்க

• பட்டியில் தொங்குபவரை விரைவாக இறக்க வேண்டும். நீண்ட நேரம் அசையாது தொங்கினால் கால்களில் இரத்தம் தேங்கி உயிராபத்து ஏற்படலாம். எனவே கீழிருந்து கூடையை இறக்கத் தெரிந்த ஒருவர் நிலத்தில் நிற்றல் அவசியம்.
• பட்டி மின்னதிர்ச்சியைத் தடுக்காது. வேலைக்கு முன் மின்னோட்டம் துண்டிக்கப்பட்டதை உறுதிசெய்ய வேண்டும்.

பயிற்சி வினாக்கள்

1. கூடையில் நிற்பவர் வெளியே எறியப்படுவதைச் சடத்துவத்தைக் கொண்டு விளக்குக.
2. பட்டியை மரத்தில் இணைப்பது ஏன் தவறு?
3. மேற்கண்ட உதாரணத்தில் நிறுத்தும் தூரம் 0.5 மீற்றர் எனின் சராசரி விசை யாது? (விடை: 2,760 நியூற்றன்)