ஜீப்பும் பாடபேதமும்

மோட்டார் நூல் யான் கற்றவனல்லேன். ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடபேதங் காண்பதே என் தொழில். எனினும், பழைய ஜீப்புகளைத் தேடிப் பேணும் அன்பர்களிடையே எழும் வழக்கொன்று எம் தொழில் வழக்கையே ஒத்திருத்தலின் ஈண்டு எழுதத் துணிந்தேன்.

1944ஆம் ஆண்டு ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியத் தலைமையகம் டில்லியிலிருந்து கண்டிக்கு வந்தது. பேராதனைப் பூந்தோட்டம் போர்க் காரியாலயமாயிற்று. அந்நாளில் நேசப்படைகள் சென்றவிடமெல்லாம் உடன்சென்ற ஊர்தி அமெரிக்க ஜீப். அதனைப் பெருந்தொகையாகச் செய்தோர் இருவர். 1941 முதல் 1945 வரை வில்லிஸ் கம்பெனி ஏறத்தாழ 3,60,000 வண்டிகளும், அதன் வரைபடத்தையே கொண்டு ஃபோர்ட் கம்பெனி ஏறத்தாழ 2,80,000 வண்டிகளும் செய்தன. இரண்டிற்கும் ஒரே வகை எஞ்சின். நான்கு சிலிண்டர், 60 குதிரைவலு. ஒன்றன் உறுப்பு மற்றொன்றிற்குப் பொருந்தும். பொருந்தவேண்டுமென்பதே படையின் நோக்கம்.

வேறுபாடு அறிவது எங்ஙனம்? ரேடியேற்றரின் கீழ், சட்டத்தின் முன் குறுக்குத் தண்டை நோக்குக. உருண்ட குழாயாயின் வில்லிஸ். கவிழ்த்த பகரம் போன்றதாயின் ஃபோர்ட். ஃபோர்ட் தன் ஆணிகளிலும் ‘எஃப்’ என்னும் ஆங்கில எழுத்தைப் பொறித்தது. ஒன்பது துளை முகப்பும் ஃபோர்ட் கண்டதே. வில்லிஸ் அதனைப் பின்னர் மேற்கொண்டது. துளை ஏழாய்ப் பின்கதவும் இருப்பின், அது போருக்குப்பின் குடிமக்களுக்கென வந்த வண்டி. போர்க்கால விலை கொடுத்து ஏமாறற்க.

உதிரிப்பாகம் அரிதாய மலைநாட்டுத் தோட்டப் பாதைகளில், கிடைத்ததைப் பூட்டி ஓட்டியோர் பலர். ஆதலின் ஃபோர்ட் சட்டத்தில் வில்லிஸ் எஞ்சின் காணப்படின் வியப்பன்று. வழக்குப் பிறப்பது இங்கேதான். கலந்த உறுப்பனைத்தையும் களைந்து ‘தூய’ வண்டி சமைத்தலே முறை என்பர் ஒருசாரார்.

யான் அதற்கு உடன்படேன். இடைச்செருகலை மூலமெனக் காட்டுதல் வஞ்சனை. பிற்காலத் திருத்தத்தைத் திருத்தமென்றே குறித்து வைத்தல் நேர்மை. பாடபேதத்தை அடிக்குறிப்பில் காட்டும் பதிப்பாசிரியன் அதனை அழிப்பதில்லை. வாங்குவோர் சட்டத்தை மூலமாகக் கொண்டு விலை பேசுக. மாறிய உறுப்புகளை ஒரு குறிப்பேட்டில் எழுதுக. கழற்ற நேரின் கழற்றியதையும் எறியாது வைக்க. கைக்கெட்டிய இரும்பைக்கொண்டு அவ்வண்டியை மலையேற்றிய தொழிலாளிக்கு அவ்வுறுப்பையன்றி வேறு சாசனம் இல்லை.